வைத்தியசாலையும் மக்கள் ஆட்சியும்

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கின்ற குறளிலே திருவள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு கூறு வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனை இயற்றுபவன் என்பன அவை. அந்நான்குக்கும் தனித்தனி நந்நான்கு இலக்கணம் உண்டென விரித்த பரிமேலழகர், நோயுற்றவனுக்கு வேண்டியவற்றுள் முதலாவதாகப் பொருளுடைமையை வைத்தார். அதனை அடுத்து மருத்துவன் வழிநிற்றலை வைத்தார். பொருளில்லாதவன் நோயுற்றால் யாது செய்வான் என்ற வினா அங்கே எழவில்லை. உரையாசிரியர் தம் காலத்து உலகியலைக் கூறினார் என்று கொள்வதே பொருந்தும்.

அக்காலத்தில் வைத்தியசாலை என்பதொன்று பெரும்பான்மை மக்களின் வாழ்விலே இடம்பெற்றதில்லை. பரிகாரியார் வீட்டுக்கு வந்தார். அல்லது நோயாளி அவர் திண்ணைக்குச் சென்றான். கைராசி இல்லாதவர் என்று ஊர் சொல்லிவிட்டால் அவர் திண்ணை வெறுமையாயிற்று. ஆகவே ஊராரின் கட்டுப்பாடு என்று பெயரிடாமலே ஒருவகைக் கட்டுப்பாடு அங்கே நிலவிற்று. இக்காலத்திலோ மருத்துவன், மருந்து, தாதி ஆகிய மூன்றும் ஒரு நிலையத்தினுள்ளே சென்று அமர்ந்துவிட்டன. எந்த வேளையில் வாயில் திறப்பது, எத்தனை கட்டில் இடுவது, மருந்தகத்தை எந்தத் தெருவில் அமைப்பது, வந்த பணத்தை எதிற் செலவிடுவது என்பவற்றையெல்லாம் முடிவுசெய்யும் அதிகாரம் ஓரிடத்தில் இருக்கின்றது. மருத்துவத்தின் ஐந்தாவது கூறு என்று அதனைச் சொல்லலாம். யாழ்ப்பாணத்திலே அவ்வதிகாரம் யார் கையில் இருந்து வந்துள்ளது என்பதும், நகரத்தின் வறிய வட்டாரங்களில் வாழ்வோர்க்கு அதில் எத்துணைப் பங்கு கிடைத்தது என்பதும் ஆராயத் தக்கன.

யாழ்ப்பாண நகரத்து வைத்தியசாலை 1850ஆம் ஆண்டிலே தோன்றியது. வட மாகாணத்து அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பார் அதனை நிறுவினார். ஆயினும் அது அரசினர் வைத்தியசாலையன்று. ‘பிறெண்ட் இன் நீட்’ சங்கம், அஃதாவது இடுக்கண் வந்தவிடத்து உதவுவார் சங்கம் என்னும் ஒரு தரும சங்கத்தின் பெயரால் அது நடைபெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேலாக நகரத்து ஏழைகள் அங்கே மருந்து பெற்றனர். தரும சங்கத்தின் இயல்பு யாவரும் அறிந்ததே. பணங் கொடுப்பவர் சபையில் அமர்வர். மருந்து பெறுபவர் வாயிலிலே நிற்பர். கொடுப்பவர் நல்லவராயின் நன்மை விளையும். அவர் மனம் மாறினால் கேட்பதற்கு வழியில்லை. உதவி பெறுவோன் கணக்குக் கேட்பது எந்நாட்டிலும் வழக்கமன்று.

அதே காலத்திலே நகரத்துக்கு வெளியே மானிப்பாயில் வேறொரு முயற்சி நிகழ்ந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். இந்நாட்டு மாணாக்கருக்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார்; 1864 முதல் அதனைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளில் ஆங்கில நூல்கள் அவராலும் அவர்தம் மாணாக்கராலும் தமிழாயின. 1873இல் அவர் தாயகம் திரும்புமுன் 60க்கு மேற்பட்டோர் அவரிடம் மருத்துவங் கற்றுத் தேர்ந்தனர். தமிழிற் கற்பித்தமைக்குக் காரணம் மொழிப்பற்று மட்டுமன்று. ஆங்கிலங் கற்றவன் அரசாங்க உத்தியோகம் நாடிப் பிற இடங்களுக்குப் போய்விடுவான் என்றும், தமிழிற் கற்றவன் தன் ஊரிலே தங்கி ஊராரால் ஆதரிக்கப்பட்டுத் தொழில் புரிவான் என்றும் அவர் எண்ணினார். ஊரவன் ஒருவன், ஊரார் மொழியில், ஊரார் ஆதரவில் வைத்தியஞ் செய்வதே அவர் கண்ட வழி. தமிழ்க் கலைச்சொல் பற்றிய உரையாடல்களில் கிறீன் பெயர் அடிக்கடி வருகின்றது. இந்தப் பக்கம் பேசப்படுவது அரிது.

1907ஆம் ஆண்டிலே நகரத்து வைத்தியசாலையை அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்தது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் யாழ்ப்பாணத்துக்கு உள்ளூர்ச் சபை ஏற்பட்டிருந்தது. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தும் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை என்பது கருதற்பாலது. தெருவும் வடிகாலும் சந்தையும் சபையின் பாற்பட்டன. வைத்தியசாலை கொழும்பின் பாற்பட்டது. நகரசபையாகிப் பின்னர் 1949இல் மாநகரசபையாகியபோதும் அப்பிரிவினை மாறவில்லை. மாநகரசபை நோய் வாராது காக்கும் பணியைச் செய்யும். வந்த நோயைத் தீர்க்கும் பெரிய வைத்தியசாலை அதன் எல்லைக்குள்ளே இருந்தும் அதன் ஆணைக்கு அப்பாற்பட்டதாகவே இருக்கும்.

தரும சங்கமும் அல்லாத அரசாங்கமும் அல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை யாழ்ப்பாணம் கண்டது 1936ஆம் ஆண்டிலே. வலிகாமம் மேற்கிலுள்ள மூளாய் என்னும் ஊரிலே கூட்டுறவு வைத்தியசாலை ஒன்று தோன்றியது. இலங்கையிலே கூட்டுறவுச் சட்டம் 1911இல் ஏற்பட்டது. அது கடன் கொடுக்கும் சங்கங்களைக் கருதிச் செய்யப்பட்டது; விதைநெல்லுக்கும் உரத்துக்கும் கடன் பெறுதற்கு மக்கள் ஒன்றுசேர்ந்தனர். ஐக்கிய நாணய சங்கம் என்று அக்காலத்தார் அதனை வழங்கினர். கடனுக்காகக் கூடியவர்கள் வைத்தியத்துக்காகவும் கூடலாம் என்று எண்ணியதே மூளாயின் புதுமை. வடபகுதிக் கூட்டுறவு இயக்கம் அந்நாளிலே வலிமையுடன் வளர்ந்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த வீரசிங்கம் அவ்வியக்கத்துக்கு உழைத்த முதல்வருள் ஒருவர். யாழ்ப்பாண நகரத்திலே அவர் பெயர் பூண்டு நிற்கும் மண்டபத்தில் நாடகமும் சொற்பொழிவும் கேட்டோர் பலர். அது கூட்டுறவாளர் மண்டபம் என்பதை நினைப்போர் சிலர்.

கூட்டுறவு வைத்தியசாலையின் அமைப்பைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். அங்கத்தவன் பங்குப் பணஞ் செலுத்திச் சேர்கின்றான். எத்தனை பங்கு வைத்திருப்பினும் அவனுக்கு ஒரு வாக்கே உண்டு. கூட்டுறவின் உயிர்நிலை இதுவே. ஆண்டுதோறும் பொதுக்கூட்டங் கூடும். வரவு செலவுக் கணக்கு அங்கே வாசிக்கப்படும். நிருவாக சபையினர் வாக்கினாலே தெரியப்படுவர். கூட்டுறவுத் திணைக்களத்தார் கணக்காய்வு செய்வர். வைத்தியரை அமர்த்துவதும் அவர்க்கு வேதனம் வகுப்பதும் சபையின் கடமை. வைத்தியர் எந்த மருந்தைக் கொடுக்கவேண்டும் என்று சபை சொல்வதில்லை, சொல்லவுங் கூடாது. ஆனால் இரவிலே வைத்தியர் கிடைப்பாரா, பிரசவ விடுதிக்குக் கட்டில் கூட்டுவதா, கிணற்றை முதலில் ஆழமாக்குவதா, கட்டணத்தை எவ்வளவு வைப்பது என்பன சபையில் வந்தே தீரும். தோட்டத்திலிருந்து நேரே சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு வந்த ஒருவர், பொதுக்கூட்டத்தில் எழுந்து “மருந்துச் செலவு போன வருடத்தைவிட ஏன் கூடியது?” என்று கேட்டால், செயலாளர் விடை சொல்லாமல் உட்கார முடியாது. தரும சங்கத்திலே இக்கேள்வி நன்றிகெட்ட கேள்வி. அரசாங்க வைத்தியசாலையிலே இது கேட்பதற்கு இடமில்லாத கேள்வி. கூட்டுறவிலே இது நிகழ்ச்சி நிரலில் உள்ள கேள்வி.

இப்பெருமையோடு அதன் குறையையுங் கூறுதல் வேண்டும். பங்கு வாங்க வல்லவனே அங்கத்தவனாவான். கட்டணஞ் செலுத்த வல்லவனே படுக்கையிற் கிடப்பான். சிறிது காணியும், மலாயாவிலே உத்தியோகம் பார்த்த உறவினர் அனுப்பும் பணமும், இளைப்பாற்றுச் சம்பளமும் உடைய குடும்பங்கள் நிறைந்த வலிகாமத்துக் கிராமங்களில் இம்முறை வேரூன்றியது வியப்பன்று. நாட்கூலிக்கு உழைப்பவனுக்குப் பங்குப் பணமே ஒரு மதில். பரிமேலழகர் கூறிய பொருளுடைமை முழுவதும் ஒழியவில்லை. பத்துப் பேரின் சிறு பொருள் ஒன்றுசேர்ந்து ஒருவரின் பெரும்பொருளுக்கு ஈடாயிற்று, அவ்வளவே. ஒரு கோயிலைச் சூழ்ந்து, ஒரே குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டு, மணவினைகளாலே பிணைந்து வாழும் ஊரார் கூடுதல் எளிது. அவ்வூரின் ஓரத்தில் வேறு சாதியினர் என ஒதுக்கப்பட்டிருந்தோர் அந்தக் கூட்டத்தில் எங்கே இருந்தனர் என்பதையுங் கேட்காமல் விடலாகாது. 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்திலே பாடசாலைகளிற் சமாசனம், சமபோசனம் என்ற இரண்டுக்காக யாழ்ப்பாணத்திலே எழுந்த பூசலை அறிந்தோர், வாங்கில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருப்பது இம்மண்ணிலே சிறிய விடயம் அன்று என்பதை அறிவர்.

இனி நகரத்தை நோக்குவோம். குருநகர், பாசையூர், நாவாந்துறை, கொட்டடி என்பன கடனீரேரியை ஒட்டிக் கிடப்பன. இவற்றுட் பெரும்பாலானவை கடற்றொழிலால் வாழும் வட்டாரங்கள். நிலம் தாழ்ந்தது; மழைநீர் வடிவது அரிது; பல கிணறுகளில் நீர் உவர். வீடுகள் நெருங்கியவை. நகரத்தைத் துப்புரவு செய்யும் மாநகரசபைத் தொழிலாளர் குடியிருப்புகளும் இவ்வாறே நெருங்கியவை. ஊரின் அழுக்கை அகற்றியோர் தம் வாயிலிலே அழுக்குத் தேங்க வாழ்ந்தமை நகர வரலாற்றின் கசப்பான பக்கம். வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல், காசம் முதலிய நோய்கள் இத்தகைய இடங்களையே முதலில் நாடும். இவ்வட்டாரங்கள் யாவும் பெரிய வைத்தியசாலையிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ளன. மூளாயார் நகரத்துக்குத் தொலைவில் இருந்தமையால் தமக்கென வைத்தியசாலை கண்டனர். குருநகரார்க்கோ வைத்தியசாலை அருகே இருந்தது. அருகே இருந்ததனால் அது அவர்களுடையதாகிவிடவில்லை.

அரசாங்க வைத்தியசேவை செய்த நன்மையைக் குறைத்துக் கூறுதல் நன்றிமறத்தலாகும். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையின் பிற பாகங்களை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிரைக் கொண்டது. சர்வசன வாக்குரிமை 1931இலே கிடைத்திருந்தமையால், வாக்குக் கேட்டு வந்தோர் வைத்தியசாலை தருவதாகச் சொல்லவேண்டியதாயிற்று. களுத்துறையிலே 1926இல் றொக்பெல்லர் தாபனத்தின் உதவியோடு தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை நாடெங்கும் பரந்தது. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீடு தேடிச் செல்லும் மருத்துவமாது என்னும் மூவரும் மக்களுக்குப் பழக்கமாயினர். தாய் சேய் மரணம் இந்நாட்டிற் குறைந்த அளவு, பொருள்வளம் மிக்க பல நாடுகளுங் கண்டு வியப்பது. கட்டணமில்லாத வைத்தியம் பொருளுடைமை என்னும் பழைய நிபந்தனையை நீக்கியது. இரண்டாவது நிபந்தனை, அஃதாவது சொன்னபடி நிற்றல், நீங்கவில்லை. நிற்கவேண்டிய வரிசை, வரவேண்டிய நேரம், காத்திருக்கவேண்டிய வாங்கு எல்லாம் மேலிருந்தே வகுக்கப்பட்டன.

ஓர் உதாரணம் போதும். கிளினிக்கு என்று வழங்கும் தாய் சேய் நிலையம் காலையிலே நடைபெறுவது வழக்கம். கடற்றொழில் வட்டாரத்திலே காலைப்பொழுது வள்ளங்கள் கரையடையும் பொழுது. மீன் தெரிந்து சந்தைக்குக் கொண்டுபோகும் பொழுது. அப்பொழுதிலே பெண்ணொருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனால் அன்றைய வருவாய் போகும். போகாவிட்டால் ஊசி போடத் தவறிய தாய் என்ற பெயர் வரும். இவ்வேளையைப் பிற்பகலாக்குதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அதனைச் சொல்வதற்கு அப்பெண்ணுக்கு ஓர் ஆசனமே வேண்டும்.

ஆசனம் இருக்கின்றதே என்று சிலர் கூறலாம். வைத்தியசாலைகள்தோறும் அபிவிருத்திக் குழுக்களும் நோயாளர் நலன்புரிச் சங்கங்களும் உள்ளன. அவை ஆற்றும் பணி பெரிது. வெளிநாடு சென்ற உறவினரிடமும் பழைய மாணவரிடமும் பொருள் திரட்டிப் படுக்கையும் கருவியும் வாங்கிக் கொடுக்கின்றன. துணையற்ற நோயாளிக்கு உடையும் உணவும் அளிக்கின்றன. ஆயினும் அவை பெரும்பாலும் கொடுப்பதற்குரிய குழுக்களேயன்றி முடிவுசெய்வதற்குரிய குழுக்கள் அல்ல. இளைப்பாறிய அதிபர், வணிகர், சட்டத்தரணி ஆகியோர் அங்கே அமர்வது இயல்பு. மீன் விற்கும் பெண்ணும் துப்புரவுத் தொழிலாளியும் அமர்வது இயல்பாகவில்லை. ‘பிறெண்ட் இன் நீட்’ சங்கம் 1907இல் வைத்தியசாலையை விட்டு நீங்கியது. அதன் மனப்பான்மை வைத்தியசாலையை விட்டு நீங்கியதா என்பது வேறு வினா.

நகரத்தின் ஒதுக்குப்புறத்து மக்கள் இவ்வுரிமையைக் கேட்டுப் பெற்ற இடங்கள் பிற நாடுகளில் உள. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பொஸ்ரன் நகரின் கொலம்பியா பொயின்ற் என்னும் வறியோர் குடியிருப்பில் 1965ஆம் ஆண்டிலே சமுதாய சுகாதார நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. ஜாக் கைகர், கவுண்ட் கிப்சன் என்ற இரு வைத்தியர்கள் அதனை அமைத்தனர். தொடக்கத்திலே இத்தகைய நிலையங்களில் மக்களுக்கு இருந்தது ஆலோசனை கூறும் இடமே. ஆலோசனை கேட்கப்படும், பின்னர் வேறொன்று செய்யப்படும். நியூயோர்க் நகரத்துப் புரொங்ஸ் பகுதியிலே புவெர்ட்டோ றிக்கோவிலிருந்து வந்து குடியேறிய மக்களின் இளைஞர்கள், பழுதடைந்து கிடந்த லிங்கன் வைத்தியசாலையை 1970 ஜூலையில் ஒருநாள் தம் வசமாக்கி நின்றமைக்கு அந்தச் சலிப்பும் ஒரு காரணம். 1975ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு விடை கண்டது. மத்திய அரசின் நிதி பெறும் சமுதாய சுகாதார நிலையத்தின் ஆட்சிச் சபையிலே பாதிக்கு மேற்பட்டோர் அந்நிலையத்தில் வைத்தியம் பெறுவோராய் இருத்தல்வேண்டும் என்று அது விதித்தது. நிதியைக் கையாள்வதும் பணிப்பாளரைத் தெரிவதும் நேரத்தை வகுப்பதும் அச்சபையின் உரிமைகள். ஆலோசனைக்கும் ஆட்சிக்கும் உள்ள வேற்றுமையை ஓர் எண்ணிக்கையால் அளந்து காட்டிய சட்டம் இது.

நம்மவர் நிலைக்கு இன்னும் அணித்தான சான்று இந்தியாவிலே உண்டு. சத்தீஸ்கர் பகுதியிலுள்ள தல்லி ராஜ்ஹரா, பிலாய் உருக்காலைக்கு இரும்புத்தாது வெட்டும் சுரங்க நகரம். ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்த ஆதிவாசி மக்கள் 1977இல் சங்கர் குகா நியோகி என்பார் தலைமையிற் சங்கம் அமைத்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்திலே பொலிசார் சுட்டதனால் 11 பேர் மாண்டனர். பின்னர் சங்கத்தின் உபதலைவி குசும் பாய் பிரசவத்திலே உரிய வைத்தியங் கிடையாது இறந்தார். நிலையான உத்தியோகத்தருக்கு ஆலையின் வைத்தியசாலை இருந்தது. கூலிக்கு அதன் வாயில் எளிதில் திறக்கவில்லை. அத்துயரத்திலிருந்து பிறந்தது, 1983 ஜூன் 3ஆம் நாள் திறக்கப்பட்ட ஷஹீத் வைத்தியசாலை. தொழிலாளர் தம் உழைப்பாலும் தாம் சேர்த்த பணத்தாலும் அதனைக் கட்டினர். தொழிலாளர் பிள்ளைகளே பயிற்சி பெற்றுத் தாதியராயினர். வைத்தியரும் ஊழியரும் தொழிலாளரும் ஒருங்கே இருந்து அதன் காரியங்களை முடிவுசெய்தனர். பங்குப் பணம் வைக்க இயலாதவன் கல்லும் மண்ணுஞ் சுமந்து பங்காளியாகலாம் என்பதை மூளாய்க்கு அது கூறியது எனலாம். 1991இல் நியோகி கொலையுண்ட பின்னரும் வைத்தியசாலை நின்றது.

அவ்வைத்தியசாலையின் வரலாற்றிலே கற்கத்தக்க பகுதி மற்றொன்று. ஊசியும் சத்துமருந்தும் வேண்டுமென்றே தொழிலாளரும் விரும்பினர். யாழ்ப்பாணத்திலும் ஊசி போடாத வைத்தியரை வைத்தியராகக் கொள்ளாதார் பலர். ஷஹீத் வைத்தியர்கள் வேண்டாத ஊசியைப் போட மறுத்தனர். வயிற்றோட்டத்துக்கு உப்பும் சர்க்கரையுங் கலந்த நீரே போதும் என்பதை வீடுவீடாக விளக்கினர். சங்கம் அதனைக் கேட்டது. மக்கள் ஆட்சி என்றால் அறிவுக்கு மதிப்பிராது என்று வைத்தியர் அஞ்சுவதுண்டு. வைத்தியம் வேறு, வைத்தியசாலை வேறு என்ற தெளிவு இருக்குமிடத்து அவ்வச்சத்துக்குக் காரணமில்லை. இலங்கையிலே பேராசிரியர் செனக பிபிலே, 1971இல் ஏற்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் வழியாக, வேண்டிய மருந்து எது, வணிகர் புகுத்திய மருந்து எது எனப் பிரித்துக் காட்டினார். அவ்வறிவை நோயாளியோடு பகிர்ந்துகொண்ட அளவுக்கே வைத்தியரின் சொல்லுக்கு வலிமை கூடும்.

மற்றோர் ஆட்சேபம் இதனினும் வலியது. ஊரார் கையிற் கொடுத்தால் கட்சியும் சாதியும் உறவும் புகுந்து கெடுத்துவிடும் என்பது அது. கோயில் மனேச்சர் வழக்குகள் நியாயத்தலங்களிலே தலைமுறை கடந்து நடப்பதைக் கண்ட யாழ்ப்பாணத்தார் இதனைக் கூறுவதிற் பிழையில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் சிலவும் அவ்வாறு கெட்டதுண்டு. ஆனால் அவ்வழக்குகளை உற்றுநோக்கின், ஊரார் எல்லாருங் கூடியதால் வந்த வழக்கு மிகக் குறைவு. உரிமை ஒரு குடும்பத்துக்கு உரியதா இன்னொரு குடும்பத்துக்கு உரியதா என்பதே பெரும்பாலும் வழக்கு. கணக்கு மூடியிருக்கும் இடத்திலே பூசல் வளர்கின்றது. திறந்த கணக்கும், குறித்த காலத்துத் தேர்தலும், வெளியார் செய்யும் கணக்காய்வும் இருந்தமையே கூட்டுறவின் காவல். கேரளத்திலே 1996இல் மக்கள் திட்டம் தொடங்கிய காலை ஆரம்ப சுகாதார நிலையங்கள் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டன. அங்கும் பூசல் இல்லாமலில்லை. வைத்தியர் ஏன் வரவில்லை என்று கேட்பதற்குத் தலைநகருக்குப் போகவேண்டியதில்லை என்ற மாற்றம் மட்டும் நிலைத்தது.

போர்க்காலம் வேறொரு பாடத்தைத் தந்தது. 1987 அக்டோபரிலே யாழ்ப்பாணப் பெரிய வைத்தியசாலையின் உள்ளேயே வைத்தியரும் தாதியரும் ஊழியரும் நோயாளருங் கொல்லப்பட்டனர். 1990க்குப் பின் செஞ்சிலுவைக் கொடியின் கீழே அது இயங்கவேண்டியதாயிற்று. மருந்துக்குத் தடையும் மின்சாரமின்மையும் சேர்ந்த அவ்வாண்டுகளிலே வைத்தியசேவையை நடத்தியோர் ஊரவரே. பயிற்சி பெற்ற தொண்டர்களும், அரிக்கேன் விளக்கொளியிற் பிரசவம் பார்த்த மருத்துவமாதரும், துவிச்சக்கர வண்டியில் நோயாளியை ஏற்றிச் சென்ற அயலவரும் அதனைத் தாங்கினர். மாநகரசபைக்கு 1983க்குப் பின் 1998 வரை தேர்தலே நடைபெறவில்லை. சுமையை மக்கள் சுமந்தனர். அதிகாரம் அவர்களிடம் வரவில்லை. போர் முடிந்தபின் பழைய ஒழுங்கு பழையபடியே திரும்பியது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தினாலே சுகாதாரத்தின் ஒரு பெரும்பகுதி மாகாண சபைக்கு உரியதாயினும், வட மாகாண சபை முதன்முதலாகத் தெரியப்பட்டது 2013இலேதான். 2018இல் அதன் காலமும் முடிந்தது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையோ மத்திய அமைச்சுக்கே உரியது. நகரத்து ஏழைக்கு மிக அருகிலிருக்கும் வைத்தியசாலையே அதிகாரத்தால் மிகத் தொலைவில் இருக்கின்றது.

டெங்குக் காய்ச்சல் இந்நிலையின் தீமையை நாள்தோறும் உணர்த்துவது. அதனைப் பரப்பும் நுளம்பு கலங்கிய சாக்கடையைவிடத் தெளிந்து தேங்கிய நீரையே நாடும். தண்ணீர் பற்றாத வட்டாரத்திலே மக்கள் வாளியிலும் பீப்பாயிலும் நீரைச் சேர்த்து வைக்கின்றனர். உடைந்த வள்ளத்தினுள்ளும் வலைக்குவியலின் மீதிட்ட படங்கின் மடிப்பிலும் மழைநீர் நிற்கின்றது. பரிசோதகர் வருகின்றார், காண்கின்றார், வழக்குத் தொடர்கின்றார். சட்டம் அவர்க்கு அக்கடமையை விதித்திருக்கின்றது. ஆனால் தண்டப்பணங் கட்டியவன் அடுத்தமுறை பீப்பாயை ஒளிக்கக் கற்றுக்கொள்கின்றான். குழாய்நீர் ஒழுங்காக வந்தால் பீப்பாய் வேண்டாவே என்று அவன் சொல்வதைப் பதியும் புத்தகம் பரிசோதகரிடம் இல்லை.

அத்தகைய புத்தகம் ஒன்றை வட்டாரந்தோறும் வைப்பது இயலாத காரியமன்று. மாநகரசபைச் சட்டமும், கூட்டுறவுச் சட்டமும், சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளும் இந்நாட்டில் முன்னரே உள்ளன. புதிதாக வேண்டுவது இவற்றை இணைக்கும் ஒரு சபை. வட்டாரத்து மருந்தகத்தையும் தாய் சேய் நிலையத்தையும் நடத்தும் அச்சபையிலே பாதிக்கு மேற்பட்டோர் அங்கே வைத்தியம் பெறுவோராகவும், அவருட் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பங்குப் பணம் வேண்டியதில்லை. நோயாளர் அட்டையே அங்கத்துவம் ஆகலாம். வரவு செலவுக் கணக்குத் தமிழில் எழுதி மருந்தகச் சுவரில் ஒட்டப்படல் வேண்டும். வைத்திய அதிகாரி சபையில் இருப்பார். வைத்தியம் பற்றிய விடயங்களில் அவர் சொல்லே முடிவு. எஞ்சிய விடயங்களில் அவர்க்கும் ஒரு வாக்கு. வாசிக்கத் தெரியாத அங்கத்தவருக்காகக் கூட்ட அறிக்கை உரத்து வாசிக்கப்படும். கூட்டம் கூடுவது பிற்பகல் நான்கு மணிக்குப் பின், வலை உலர்ந்து, அடுத்த தொழிலுக்கு வள்ளம் இறங்குமுன்.